தேதி கேட்டால் மழையைச் சொல்லும் ஊர்: அரிமளம் பக்கம் எந்தத் திருவிழாவுக்கு எப்போ வரலாம்?

ஜப்பானின் வடக்கில் இருக்கும் சப்போரோ நகரத்தின் பனித் திருவிழாவைப் பார்க்க ஆசையா? பிப்ரவரி தொடக்கத்தில் நடக்கும். தேதி பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும். லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, ரூம் புக் பண்ணிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இப்போது புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துக்கு போன் போட்டு, "இந்த வருஷம் புரவி எடுப்பு எப்போ?" என்று கேட்டுப் பாருங்கள். "எடுக்கறதா வேணாமான்னே இன்னும் பேசி முடிக்கலையே, மழை எப்படின்னு பாப்போம்" என்பது மாதிரிதான் பதில் வரும்.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, மூன்று நாள் லீவுக்கு மூன்று வாரம் முன்பே மேனேஜரிடம் நிற்க வேண்டியவர்களுக்கு இந்தப் பதில் எரிச்சலைத் தரலாம். ஆனால் அது அலட்சியமான பதில் இல்லை. இந்தப் பகுதியின் பல திருவிழாக்களுக்கு நாள் குறிப்பது கண்மாய்தான். அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால், எப்போது எதற்கு வரலாம் என்பதை ஓரளவு நீங்களே ஊகித்துவிடலாம்.

தண்ணீர்க் கணக்கு

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறது அரிமளம். பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் அதிஷ்டானம் இருக்கும் ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். மேற்கே போனால் திருமயம் கோட்டை, தென்கிழக்கே போனால் ஆவுடையார்கோவில். மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க வசதியான இடம்.

இந்த மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு கிடையாது. வெள்ளாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு பகுதிக்கு வரும். மீதி இடத்துக்கெல்லாம் வானம்தான், அந்த மழையைப் பிடித்து வைக்கும் கண்மாய்தான். மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள், குளங்கள் இருக்கின்றன.

ஆவணி, புரட்டாசியில் விதைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கண்மாய் நிறையும். தையில் அறுவடை. அதன் பிறகு கையில் கொஞ்சம் காசு, வீட்டில் நெல், வயலில் வேலை இல்லை. மாசியில் தொடங்கி ஆனி, ஆடி வரை கண்மாய் மெல்ல வற்றிக்கொண்டே வரும். இங்குள்ள பெரிய திருவிழாக்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் வந்து விழுகின்றன. மழைக்காலத்தில் திருவிழா பார்க்கக் கிளம்பி வந்தால் வயலில் வேலை நடப்பதைத்தான் பார்க்க முடியும். அதுவும் நல்ல காட்சிதான், ஆனால் யாருக்கும் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.

தை: வாடிவாசல்

ஜல்லிக்கட்டு என்றதும் அலங்காநல்லூர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் தமிழ்நாட்டிலேயே அதிக வாடிவாசல்கள் இருக்கும் மாவட்டம் புதுக்கோட்டை. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டும் வழக்கமாக இங்கேதான் நடக்கும். கந்தர்வகோட்டை பக்கம் தச்சங்குறிச்சியில், தேவாலயத்தின் புத்தாண்டு விழாவை ஒட்டிப் பொங்கலுக்கு முன்பே காளைகள் இறங்கிவிடும். மாதா கோயில் விழாவுக்கு ஜல்லிக்கட்டா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படலாம். ஊரில் யாருக்கும் அது ஒரு கேள்வியே இல்லை.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. தென்னை, பலா எல்லாம் சாய்ந்து கிடந்தன. இரண்டே மாதத்தில், 2019 ஜனவரி 20-ம் தேதி, விராலிமலையில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் ஒரே நாளில் அவிழ்த்துவிடப்பட்டு, உலக சாதனையாகப் பதிவானது.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்ததும், 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் உட்கார்ந்ததும், அந்த ஆண்டே தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததும் தெரிந்த கதை. 2023 மே 18-ம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று சொன்ன பிறகு வழக்கு பயம் இல்லை. ஆனால் விதிமுறைகள் உண்டு. ஜனவரி முதல் மே வரைதான் சீசன். காளைக்கும் மாடுபிடி வீரருக்கும் முன்பதிவு வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும். திடீரென்று "நானும் இறங்குறேன்" என்று யாரும் இறங்க முடியாது. பார்வையாளர்கள் தடுப்புக்கு வெளியே இருப்பதுதான் நல்லது. காளை வெளியேறும் பக்கம் போய் செல்ஃபி எடுப்பது மாதிரி ஆபத்தான வேலை வேறில்லை.

வாடிவாசல் வழியாக ஒவ்வொன்றாக வருவது ஜல்லிக்கட்டு. திறந்த வெளியில் அவிழ்த்துவிடுவது மஞ்சுவிரட்டு. நீளமான வடத்தில் காளையைக் கட்டி, 9 பேர் கொண்ட குழு 20 முதல் 25 நிமிடத்துக்குள் அடக்கப் பார்ப்பது வடமாடு. மூன்றும் ஒன்று என்று இங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அரிமளம், திருமயம் பக்கம் இதைவிட அடிக்கடி பார்க்கக் கிடைப்பது மாட்டுவண்டி எல்கைப் பந்தயம். கோயில் திருவிழா என்றால் காலையில் ரோட்டில் பந்தயம் இருக்கும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று காளையின் வளர்ச்சிக்கு ஏற்ப பிரிவுகள். தூரத்தை இன்றும் மைலில்தான் சொல்வார்கள்: "போய் வர எட்டு மைல்." வண்டியை ஓட்டுபவர் சாரதி. கூடவே ஓடி ஓடி மாட்டை விரட்டுபவர் துணைச் சாரதி. உண்மையில் பந்தயம் ஓடுவது அவர்தான் என்று தோன்றும். இதைப் பார்க்க டிக்கெட் இல்லை, கேலரி இல்லை. ரோட்டோரம் ஒரு புளியமரத்தடி போதும்.

மாசி, பங்குனி: அம்மன் இறங்கும் வெயில்

வெயில் ஏற ஏற மாரியம்மன் கோயில்களில் காப்பு கட்டத் தொடங்குவார்கள். அம்மை நோய் ஊர் ஊராகப் போன காலத்தில் இதே மாதங்களில்தான் வேப்பிலையும் மஞ்சளும் வீட்டு வாசலுக்கு வந்தன. அந்த பயம் போய்விட்டது, அந்த மாதம் மட்டும் அப்படியே நிற்கிறது.

புதுக்கோட்டை திருவப்பூர் முத்துமாரியம்மனுக்கு மாசியில் பூச்சொரிதல், பிறகு காப்பு, தேர். பூச்சொரிதல் இரவில் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் பூத்தட்டு வந்துகொண்டே இருக்கும். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன். தேரோட்டத்துக்கு மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை விடும் அளவுக்குக் கூட்டம். நார்த்தாமலைக்குத் திருவிழா நாளில் போனால் மலைமேல் இருக்கும் விஜயாலய சோழீஸ்வரத்தைப் பார்க்காமல் வந்துவிடுவீர்கள். அதற்கு வேறொரு நாள் காலையில் போங்கள்.

அதே பங்குனியில் பொன்னமராவதி பக்கம் கொன்னையூர். பொங்கல், அக்னிப் பால்குடம் எல்லாம் உண்டு. ஆனால் தனித்துச் சொல்ல வேண்டியது நாடு செலுத்துதல். சுற்றியுள்ள ஒவ்வொரு நாட்டு மக்களும் தங்கள் முறைப்படி திரண்டு வந்து கோயிலில் வழிபடுவது. 'நாடு' என்பது சோழர் கல்வெட்டில் வரும் பழைய சொல். இங்கே அது இன்னும் கூட்டமாக நடந்து வருகிறது.

மாசி மகத்துக்குக் கீரமங்கலம் பக்கம் குளமங்கலம் போகலாம். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் முன்னால் 33 அடி உயரத்தில் ஒரு குதிரை நிற்கிறது. நேர்த்திக்கடனாகக் காகிதப்பூ மாலைகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து அதன்மேல் போடுவார்கள். சாயங்காலத்துக்குள் குதிரை தெரியாது, மாலைக் குவியல்தான் தெரியும்.

கண்மாய் வற்றினால் மீன்

இனி, வேறு எங்கும் எளிதில் பார்க்க முடியாத ஒன்று. மாசியிலிருந்து வைகாசி, ஆனி வரை, கண்மாய்த் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியதும் மீன்பிடி திருவிழா. பொன்னமராவதி, அன்னவாசல், இலுப்பூர், திருமயம் வட்டாரங்களில் ஒரே மாதத்தில் பல ஊர்களில் நடக்கும். ஆண்டு முழுவதும் கண்மாயில் யாரும் கை வைக்காமல் காத்திருப்பார்கள். தண்ணீர் இறங்கியதும் ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். முன்பு தண்டோரா. இப்போது வாட்ஸ்அப். ராத்திரி ஒரு மெசேஜ் போனால் விடியும்போது கரை நெடுக பைக்குகள் நிற்கும்.

கரையில் இருக்கும் சாமியைக் கும்பிட்டுவிட்டு, பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. துண்டு அசைந்ததும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கச்சா, வலை, பரி, தூரி, எதுவும் இல்லாதவர்களுக்குக் கொசுவலை, சேலை. ஆனால் பார்க்க வேண்டியது ஊத்தா. மூங்கிலில் முடைந்த, அடியில்லாத கூடை. மேலே குறுகி கீழே அகலமாக இருக்கும். சேற்றில் பொத்தென்று அழுத்துவார்கள். உள்ளே மீன் மாட்டினால் கூடையில் முட்டும், கையில் அந்த அதிர்வு தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். விரால் என்றால் வழுக்கும், கெளுத்தி என்றால் முள் குத்தும்.

மீன் பிடித்தவர்களே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். விற்பதில்லை என்பது பல ஊர்களின் வழக்கம். சில இடங்களில் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வாங்கிக் கோயிலுக்குச் சேர்ப்பார்கள். மதியத்துக்குள் எல்லா வீட்டிலும் ஒரே வாசனை. சாதி பார்க்காமல், ஊர் பார்க்காமல் எல்லோரும் ஒரே சேற்றில் நிற்கும் சில மணி நேரம் அது. வேறு நாட்களில் அப்படி இருக்கிறதா என்று கேட்டால், அது வேறு கட்டுரை.

இப்படி மீன் பிடித்தால்தான் அடுத்த மழை நன்றாக வரும் என்பது நம்பிக்கை. நடைமுறைக் காரணமும் இருக்கிறது. இன்னும் சில வாரத்தில் மொத்தமாக வற்றப்போகும் குட்டையில் மீன் செத்து நாறுவதைவிட, பகிர்ந்துகொள்வது மேல்.

இதற்கு முன்கூட்டி லீவு போடுவது கஷ்டம். அறிவிப்புக்கும் திருவிழாவுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள்கூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைக்கும் ஊர்கள் இப்போது அதிகமாகிவிட்டன, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காக.

பிடிமண் கொடுத்தால் புரவி

கண்மாய் வற்றினால் இன்னொன்றும் வெளியே வரும், களிமண். அதிலிருந்து வருவதுதான் புரவி எடுப்பு. பெரும்பாலும் வைகாசியிலிருந்து ஆவணி வரைக்குள் நடக்கும்.

அய்யனார் கோயிலுக்கு மண் குதிரை செய்து கொண்டுபோய் வைக்க வேண்டும். முதலில் ஊர் கூடி முடிவு செய்து, ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுக்கும். இதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். ஊர் கொடுத்த அந்த மண்ணைச் சேர்த்துத்தான் குதிரை உருவாகும். கால்கள் முதலில், பிறகு குடம் மாதிரி உள்ளே வெற்றிடமாக வயிறு, கடைசியில் கழுத்தும் தலையும். ஒரேயடியாகச் செய்தால் ஈரக் கனத்தில் உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு பகுதி இறுகிய பிறகுதான் அடுத்தது. காயவைத்து, சுட்டு, வர்ணம் தீட்ட வாரக்கணக்கில் ஆகும்.

திருவிழா அன்று குதிரைப் பொட்டலில் வரிசையாகப் புரவிகள் நிற்கும். வேட்டி, துண்டு, மாலை எல்லாம் சாத்தியிருப்பார்கள். கண் திறந்ததும் அது மண் இல்லை, சாமியின் வாகனம். தோளில் தூக்கிக்கொண்டு வயல் வழியாக அய்யனார் தோப்புக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். கூடவே நேர்த்திக்கடன் பொம்மைகள் போகும். பிள்ளை வரம் கேட்டவர் தவழும் பிள்ளை, கால் வலி தீர்ந்தவர் கால், மாடு பிழைத்தவர் மாடு. கோயிலில் இறக்கி வைத்த பிறகு யாரும் அதைப் பராமரிப்பதில்லை. வெயிலும் மழையும் பட்டு, உடைந்து, மண்ணோடு மண்ணாகப் போகும். அடுத்த முறை புதுக் குதிரை.

ஜப்பானில் சப்போரோவுக்குத் தெற்கே அகிதா என்று ஒரு நகரம். அங்கே ஆகஸ்ட் 3 முதல் 6 வரை காந்தோ திருவிழா. 12 மீட்டர் உயர மூங்கிலில் 46 காகித விளக்குகளைக் கட்டி, 50 கிலோ எடையை உள்ளங்கையிலும் நெற்றியிலும் இடுப்பிலும் நிறுத்துவார்கள். அந்த விளக்குக் கொத்து நெற்கதிரின் வடிவம். விளைச்சல் வேண்டித்தான் அதுவும். தூக்கும் பாரம் வேறு, கேட்கும் வரம் ஒன்று. ஒரே வித்தியாசம், அங்கே தேதி மாறாது. இங்கே பிடிமண் கொடுத்தால்தான் தேதி உண்டு. பல ஊர்களில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள். மழை பொய்த்தால் தள்ளிப் போகும். ஊருக்குள் முதல் மரியாதைச் சண்டை என்றால் இன்னும் தள்ளிப் போகும்.

வேறு காலண்டரில் வருபவை

எல்லாமே கண்மாயைப் பார்த்து நடப்பதில்லை. திருமயம் அருகே காட்டுபாவா பள்ளிவாசல் கந்தூரி ஹிஜ்ரி கணக்கு. அதனால் ஆங்கிலத் தேதியில் ஒவ்வொரு ஆண்டும் சுமார் 11 நாள் முன்னால் வரும். எல்லா மதத்தினரும் போவார்கள். ஆவூரில் ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கா.

ஆவுடையார்கோவிலில் ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் நட்சத்திரக் கணக்கு. அந்தக் கோயில் மற்ற சிவன் கோயில் மாதிரி இருக்காது. கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டும். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. புழுங்கல் அரிசிச் சோறு, கீரை, பாகற்காய், இவற்றின் ஆவிதான் நைவேத்தியம். திருவிழாவில் வீதி உலா வருவது மாணிக்கவாசகர். கூட்டத்தில் மாட்டாமல் சிற்பங்களைப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண நாளே போதும்.

புரட்டாசி நவராத்திரிக்குப் புதுக்கோட்டையில் ஒரு பழைய கதை இருக்கிறது. தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் நவராத்திரியில் அரிசியோடு ஒரு சின்னச் செப்புக் காசும் கொடுப்பார்கள். ஒரு பக்கம் திருகோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. அதுதான் அம்மன் காசு. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு காசு நின்றுவிட்டது. பழைய வீடுகளில் சிலர் இன்னும் பூஜை அறையில் வைத்திருக்கிறார்கள். திருகோகர்ணம் அரசு அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டு வாருங்கள்.

தண்ணீர் வரும் வழி

சப்போரோ திருவிழா 1950-ல், பள்ளி மாணவர்கள் ஒரு பூங்காவில் ஆறு பனிச் சிற்பங்கள் செய்ததில் தொடங்கியது. ஊருக்குள் பனி போதாவிட்டால் வெளியிலிருந்து லாரிகளில் அள்ளி வருவார்கள். கண்மாய்க்கு அப்படி லாரியில் தண்ணீர் கொண்டுவர முடியாது.

அரிமளம் வட்டாரத்தில் அந்தக் கவலை தைலமரத்தின் பெயரில் இருக்கிறது. வனத்தோட்டக் கழகத்தின் தைலமரக் காடுகள் இந்தப் பக்கம் பெரும் பரப்பில் நிற்கின்றன. காகித ஆலைக்குப் போகும் மரம் அது. அந்தக் காடுகளுக்குள் மழைநீரைத் தடுத்து நிறுத்தும் வரப்புகள் போடுவதால் கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீர் வருவதில்லை, நிலத்தடி நீரும் இறங்குகிறது என்று சொல்லி இப்பகுதி விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். வரத்து வாய்க்கால் தூர்ந்து போனதும் ஆக்கிரமிப்பும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. எது எவ்வளவு காரணம் என்பதில் வாதம் இருக்கலாம். கண்மாய் நிறையாத ஆண்டில் என்ன ஆகும் என்பதில் வாதம் இல்லை. மீன்பிடி திருவிழா அறிவித்து, ஆயிரம் பேர் இறங்கி, ஆளுக்கு அரைக் கிலோ கெண்டைகூடக் கிடைக்காமல் கரையேறுவார்கள். புரவி எடுப்பு அடுத்த ஆண்டுக்குப் போகும். எடுப்பு தள்ளிப்போனால் வேளார் குடும்பத்தின் அந்த ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதியும் போகும். பானை விற்று வாழும் காலம் முடிந்துவிட்ட நிலையில் குதிரைதான் அவர்களுக்கு மிச்சம்.

அப்போ லீவு எப்போ போடுவது?

நிச்சயமான தேதி வேண்டுமென்றால் தை: பொங்கலோடு சேர்த்து ஒரு வாரம். தேதி அநேகமாகத் தெரிந்துவிடும், லீவும் கிடைக்கும். ஆனால் ஜல்லிக்கட்டுக்கு அரசாணை வந்த பிறகு பஸ் டிக்கெட் போடுங்கள். அறிவித்த தேதி கடைசி நேரத்தில் தள்ளிப்போவது இங்கே சாதாரணம்.

கூட்டமும் தேரும் வேண்டுமென்றால் பங்குனி. உள்ளூர் விடுமுறை உங்கள் சென்னை ஆபீஸுக்குப் பொருந்தாது என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். மதிய வெயிலில் நடக்கவே முடியாது. விடியற்காலை அல்லது ராத்திரி.

மீன்பிடிக்கும் புரவிக்கும் தேதி கேட்காதீர்கள், ஆள் பிடியுங்கள். கார்த்திகை கடைசியில் ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்கோ ஆபீஸ் நண்பனின் மாமாவுக்கோ போன் போட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கண்மாய் மறுகால் போச்சா மாமா?" போச்சு என்றால் வைகாசியில் இரண்டு நாள் லீவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிரவுசர் ஒன்று போதும், ஊத்தா அங்கேயே யாராவது கொடுப்பார்கள். செருப்பைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், போனையும்தான்.